கணப்பின் வாயைச் சுருக்கினோம்

எங்கள் வரவேற்பறைக் கணப்பு, அதாவது சுவர்க் குழிக்குள் விறகு மூட்டிக் குளிர்காயும் இடம், இந்தக் குளிர்காலத்தில் புகையாமல் எரிகிறது. போன குளிர்காலத்தில் அதே இடத்தில் நெருப்பு மூட்டியபோது பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினார்கள். நடுவில் என்ன செய்தோம், எவ்வளவு செலவானது, எது வீண் என்பதை வேலை நடந்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் பழைய பங்களாவில் இருப்பவர்களுக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

ஊர் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க். 1893 ஜூன் 7 இரவில் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்களே, அந்த ஊர். ஓவர்கோட் பெட்டியோடு போய்விட்டதால் அவர் காத்திருப்பு அறையில் குளிரில் நடுங்கியதைப் பள்ளியில் படித்தபோது, ஆப்பிரிக்காவில் ஏது குளிர் என்று நினைத்திருக்கிறேன். டர்பனிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர்தான். ஆனால் கடற்கரையிலிருந்து ஏறி ஏறி 600 மீட்டருக்கு மேல் வந்துவிடுகிறோம். ஜூன், ஜூலை இரவுகளில் நன்றாகவே விறைக்கும். ஊர் ஒரு பள்ளத்தில் இருக்கிறது, சுற்றிலும் மலைச்சரிவு. குளிர்கால மாலைகளில் குளிர்ந்த காற்று சரிவிறங்கி வந்து பள்ளத்தில் தேங்கும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று நிற்பதால் கீழே உள்ளது எழும்பவே எழும்பாது. ஊர்ப் புகையெல்லாம் கூரை மட்டத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். கணப்பு மூட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காரணம் பிறகு வருகிறது.

வீடு நூறு வயதைத் தாண்டியது. இந்த ஊருக்கே உரிய இளஞ்சிவப்புச் செங்கல், தகரக் கூரை, பைன் மரத் தரை. 1901-இல் திரும்பக் கட்டி முடித்த நகர மண்டபமும் இப்படிப்பட்ட சிவப்புச் செங்கல்தான். பார்க்க அழகு, ஆனால் கல் மெத்தென்று இருக்கும். கம்பி பிரஷ்ஷை வைத்து அழுத்தினாலே மேல்தோல் உதிரும். வீட்டில் இரண்டு கணப்புகள்: வரவேற்பறையில் பெரியது, படுக்கையறையில் சின்னது. இரண்டும் ஒரே புகைபோக்கித் தூணுக்குள் தனித்தனிக் குழல்களாக மேலேறுகின்றன. இந்தப் பதிவு பெரியதைப் பற்றி.

வேலை தொடங்கும் முன் ஒரு சட்ட விஷயம். 1999-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டப்படி, 60 ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்தை அனுமதியில்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது. எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் இதைப் பார்த்துக்கொள்வது அமாஃபா என்ற மாகாண அமைப்பு. அதனால் ஆரம்பத்திலேயே ஒரு முடிவு எடுத்தோம்: பழைய செங்கல் எதையும் உடைப்பதில்லை, நாங்கள் சேர்ப்பது எதுவானாலும் பிறகு கழற்றி எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு வேலையைக் கெடுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் செலவைக் குறைத்தது என்றே சொல்வேன்.

நாங்கள் வந்தபோது கணப்பின் வாயை ஒரு பலகை மூடியிருந்தது. மேலே வெள்ளைப் பெயின்ட், தட்டினால் சிமென்ட் சத்தம். என் கணவர் ஸ்க்ரூ டிரைவரோடு கிளம்பினார். நான் தடுத்தேன். நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸை ஒரு காலத்தில் பெருமளவில் தோண்டி எடுத்த நாடு இது. பழைய வீடுகளில் கூரை, சீலிங், இப்படி அடைக்கும் பலகை என எதில் வேண்டுமானாலும் அது இருக்கும். தடை வந்தது 2008-இல்தான். துளை போடுவதும், உடைப்பதும், மாதிரிக்கென்று ஒரு மூலையைக் கிள்ளுவதும்கூட நாமே செய்யக் கூடாத வேலைகள். பதிவு பெற்ற ஆட்களை வரவழைத்தோம். சோதனையில் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வந்தது. அவர்களே ஈரப்படுத்தி, கழற்றி, பையில் கட்டி எடுத்துப் போனார்கள். சோதனையும் அகற்றலும் சேர்த்து 3,400 ராண்ட். மொத்த வேலையில் இதுதான் பெரிய செலவு, பேரம் பேசக் கூடாத செலவும் இதுதான்.

பலகைக்குப் பின்னால் சருகு, கரி, சாம்பல், மைனாக் கூடு. கூட்டில் நூல், பிளாஸ்டிக், சாக்லேட் தாள். இந்த ஊர் மைனாக்களும் நம் ஊரிலிருந்து வந்தவைதான். கூண்டுப் பறவையாக டர்பனுக்கு வந்து, தப்பித்து, நாடெங்கும் பரவியவை. முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்தது 1860-இல். மைனா அதற்குப் பிறகு வந்து நம்மைவிட வேகமாக வீடு பிடித்துவிட்டது.

கூட்டை அள்ளிய பிறகுதான் உண்மையான பிரச்சினை கண்ணில் பட்டது, ஆனால் அது பிரச்சினை என்று அப்போது புரியவில்லை. அந்தக் காலக் கணப்புகளில் செங்கல் குழிக்குள் ஒரு வார்ப்பிரும்புக் கூடு பொருத்தியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அதை யாரோ பிடுங்கியிருந்தார்கள், பழைய இரும்புக்குப் போட்டிருக்கலாம். மிச்சம் இருந்தது வெறும் செங்கல் குழி: 1050 மி.மீ. அகலம், 750 மி.மீ. உயரம், 380 மி.மீ. ஆழம். "எவ்வளவு தாராளமா இருக்கு பாரு" என்று சந்தோஷப்பட்டோம்.

சரி, முதலில் புகைபோக்கியைச் சுத்தம் செய்வது. தகரக் கூரை மேல் ஏறுவதில்லை என்று தீர்மானித்து, கீழிருந்தே செய்தோம். திருகி இணைக்கும் கம்புகளையும் குழல் பிரஷ்ஷையும் வாடகைக்கு எடுத்தேன், 350 ராண்ட். கணப்பின் வாயை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, ஓரங்களை டேப் ஒட்டி, நடுவில் ஒரு கீறல் போட்டு அதன் வழியே கம்பை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு கம்பாக இணைத்து மேலே தள்ளும்போது வலப்பக்கமாக மட்டுமே திருக வேண்டும். இடப்பக்கம் திருகினால் பிரஷ் கழன்று குழலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், அப்புறம் அதை எடுக்க ஆள் தேட வேண்டியதுதான். கண்ணாடி, நல்ல முகக்கவசம், பழைய துணி மூன்றும் அவசியம். கரி இரண்டு பெரிய பைகள் நிறைய வந்தது. கடைசியில் பிரஷ் மேலே எட்டிப் பார்க்கிறதா என்று பிள்ளைகளைத் தோட்டத்தில் நிறுத்தியிருந்தோம். அந்தக் கூச்சலைக் கேட்டு எதிர்வீட்டுத் தாத்தா வந்தார்.

தாத்தா இந்த ஊரில் நான்காம் தலைமுறைத் தமிழர். ஓய்வு பெற்ற கொத்தனார். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், நடுநடுவே தமிழ் வந்து விழும். என்னை "மா" என்பார். அவருடைய பேரப்பிள்ளைகள் கூப்பிடுகிற மாதிரி நானும் தாத்தா என்றே கூப்பிடுகிறேன். அவர் சொன்ன முதல் வார்த்தை: "பெயின்ட் அடிக்கிறதைப் பத்தி இப்ப யோசிக்காதே மா. முதல்ல புகை எங்கே போகுதுன்னு பாரு."

அவர் சொன்னபடி புகை மாத்திரை ஒன்றைக் கொளுத்திக் குழலுக்குள் விட்டு, வாயை மூடிவிட்டு, சீலிங்குக்கு மேலே டார்ச் அடித்துப் பார்த்தேன். புகைபோக்கித் தூணில் இரண்டு இடத்தில் இணைப்பு வழியாகப் புகை கசிந்தது. அந்த இடத்தில் மர உத்தரம் ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது. இதைப் பார்க்காமல் பெரிய நெருப்பாக மூட்டியிருந்தால் வீடே போயிருக்கும். பழைய சாந்து சுண்ணாம்பு. அதில் நேரடியாகச் சிமென்ட் வைத்தால் கலவை கல்லைவிடக் கெட்டியாகிவிடும், பிறகு வெடிப்பது சாந்து அல்ல, செங்கல். அதனால் பழைய இணைப்பை 20 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி, நீர் தெளித்து, சுண்ணாம்பு ஒரு பங்குக்குச் சலித்த மணல் மூன்று பங்கு கலந்து அடைத்தேன். ஈரச் சாக்கு போட்டு மெதுவாக உலரவிட்டேன். சாந்தை இங்கே எல்லாரும் டாகா என்பார்கள். தாத்தா என் கலவையைக் கரண்டியில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். அது ஒட்டிக்கொண்டு நின்றது. ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார், அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

சுத்தமான குழல், கசிவு இல்லை. நெருப்பு மூட்டினோம். முதல் சில நிமிடம் மேலே போன புகை, விறகு நன்றாகப் பிடித்ததும் மேல்விளிம்பு வழியாக அறைக்குள் உருண்டு வந்தது.

காற்றுதான் காரணம் என்று நினைத்தோம். இங்கே குளிர்காலத்தில் பெர்க் காற்று என்று ஒன்று வீசும். உள்நாட்டுப் பீடபூமியிலிருந்து மலையிறங்கி வரும் உலர்ந்த வெப்பக் காற்று. குளிர் முகப்பு வருவதற்கு முன் ஜூலையிலேயே சித்திரை வெயில் மாதிரி ஆக்கிவிடும். அது மேலிருந்து குழலுக்குள் அழுத்துகிறது என்று நாங்களே ஒரு விளக்கம் கண்டுபிடித்து, சுழலும் தொப்பி ஒன்றை 1,450 ராண்டுக்கு வாங்கி, ஆள் வைத்துப் பொருத்தினோம். பெர்க் காற்று இல்லாத நாளிலும் புகை வந்தது. தொப்பி மேலே அழகாகச் சுற்றிக்கொண்டிருந்தது. புகைபோக்கியின் உயரம் சரியாக இருந்தால் பெரும்பாலும் தொப்பி தேவைப்படாது. சுற்றிலும் 3 மீட்டருக்குள் இருக்கிற எதையும்விட 600 மி.மீ. உயரமாகப் புகைபோக்கி நின்றால் போதும் என்பது பொது விதி. எங்களுடையது அதைவிட உயரமாகவே இருந்தது. தரையில் நின்று ஒரு போட்டோ எடுத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

இன்னொரு விஷயமும் அப்போது பிடிபட்டது. சமையலறையில் தோசை வார்க்கும்போது கணவர் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் வரவேற்பறையில் புகை இரட்டிப்பாகும். ஃபேன் வீட்டுக் காற்றை வெளியே இழுக்கிறது, ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கிறது, அந்த இழப்பை ஈடுகட்டக் காற்று புகைபோக்கி வழியாகக் கீழே இறங்குகிறது. வரவேற்பறை ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்துவைத்ததும் அந்தக் கூடுதல் புகை நின்றது. மீதி நிற்கவில்லை.

திண்டுக்கல்லில் இருக்கும் அப்பாவிடம் வீடியோ காலில் காட்டினேன். அவரும் கொத்தனார்தான். கணப்பை நேரில் பார்த்ததில்லை, ஆனால் பேக்கரிகளுக்கு விறகு அடுப்பு கட்டிக் கொடுத்திருக்கிறார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, வாய் இத்தாம் பெருசா இருக்கே, மேல போற குழல் எத்தனை அளவு?" என்றார். டேப்பைக் குழலுக்குள் விட்டு அளந்தேன்: 225க்கு 225 மி.மீ. "அப்ப புகையத்தாம்மா செய்யும். ஊர் கூடி வந்த கல்யாணக் கூட்டத்தை ஒத்தைக் கதவு வழியா வெளிய விடுற மாதிரில்ல இருக்கு."

கணக்கு போட்டுப் பார்த்தோம். கணப்பின் வாய் 1050 × 750, அதாவது 7,875 சதுர செ.மீ. குழல் சுமார் 506 சதுர செ.மீ. வாயில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. குழலின் பரப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது கணப்பு கட்டுகிறவர்களின் கைக்கணக்கு. பழைய வார்ப்பிரும்புக் கூடு இருந்தவரை வாய் சின்னதாக இருந்திருக்கும், கணக்கும் சரியாக இருந்திருக்கும். கூட்டைப் பிடுங்கியவர் வாயை அகலப்படுத்தினார், குழல் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. குழலைப் பெரிதாக்க முடியாது. அப்படியென்றால் வாயைச் சுருக்குவதுதான் வழி.

எவ்வளவு சுருக்குவது என்பதைக் கணக்கை மட்டும் நம்பிச் செய்யவில்லை. இந்தச் சோதனை செலவில்லாதது, தொப்பி வாங்கும் முன் செய்திருக்க வேண்டியது: நெருப்பை நன்றாக எரியவிட்டு, ஒரு தகரத் தகட்டை இரண்டு பேர் கையுறையோடு பிடித்து, வாயின் மேல்விளிம்பில் ஒட்டிவைத்து மெல்ல மெல்லக் கீழே இறக்க வேண்டும். ஓர் இடத்தில் அறைக்குள் வரும் புகை நின்றுவிடும். அங்கே சாக்பீஸால் கோடு. எங்களுக்கு 200 மி.மீ. இறக்கியபோது நின்றது. ஊதுபத்தி ஒன்றை விளிம்பருகே பிடித்தால் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று இன்னும் தெளிவாகத் தெரியும்.

அந்த 200 மில்லிமீட்டர் முழுவதையும் மேலிருந்தே மூடினால் கணப்பு அசிங்கமாக இருக்கும், நெருப்பும் பாதி தெரியாது. அதனால் பங்கு பிரித்தோம். தரையைச் சூடு தாங்கும் தீச்செங்கல் ஒரு வரியால் 75 மி.மீ. உயர்த்துவது, மேலே 130 மி.மீ. இரும்புத் தகடு. உள்பக்கச் சுவர்களுக்கும் தீச்செங்கல் கட்டுவதால் அகலம் இரு பக்கமும் 70 மி.மீ. குறையும். புதிய வாய் 910 × 545. பரப்பு 4,960 சதுர செ.மீ. குழல் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. இந்த எண் வந்ததும் அப்பாவுக்கு அனுப்பினேன். "கட்டு" என்று ஒற்றைச் சொல் பதில்.

தீச்செங்கல் 230 × 114 × 64 மி.மீ. அளவு. கல் ஒன்று 32 ராண்ட், 60 கல் வாங்கினேன். கட்ட சாதாரணச் சிமென்ட் சாந்து உதவாது. சூட்டில் பொடிந்துவிடும். தீச்சாந்து 25 கிலோ மூட்டை 480 ராண்ட். தீச்செங்கல்லுக்கு இணைப்பு மிக மெல்லியதாக இருக்க வேண்டும், 2 அல்லது 3 மி.மீ. நம் ஊர் வழக்கத்தில் 10 மி.மீ. சாந்து வைத்துப் பழகிய கைக்கு இது கஷ்டம். தாத்தா காட்டிய முறை: சாந்தைத் தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து, கல்லை அதில் முக்கி எடுத்து, வைத்து, மரச் சுத்தியலால் தட்டி உட்கார வைப்பது. கல்லை வெட்ட வைரத் தட்டு போட்ட கிரைண்டர். தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டினால் தூசி அடங்கும். வெளியில் வைத்து, மாஸ்க்கோடுதான். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

பக்கச் சுவரிலும் பின்சுவரிலும் கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, 64 மி.மீ. தடிமனாகக் கட்டினேன். தீச்செங்கல்லைப் பழைய சுவரோடு ஒட்டிக் கட்டக் கூடாது. சூடேறும்போது விரியும், பின்னால் இடமில்லாவிட்டால் எங்காவது வெடிக்கும். சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகள் ஆறு பங்குக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு கலந்த தளர்வான கலவையை நிரப்பினேன். வெர்மிகுலைட் இங்கே தாராளமாகக் கிடைக்கிறது. லிம்போப்போ மாகாணத்தில் ஃபலபோர்வா பக்கம் தோண்டுகிறார்கள், நர்சரிக் கடையிலேயே மூட்டை இருக்கும். நாளைக்கு யாராவது தீச்செங்கல்லைக் கழற்ற நினைத்தாலும் பழைய சுவருக்கு ஒன்றும் ஆகாது.

ஒவ்வொரு வரிக்கும் ரசமட்டம் வைத்தேன், ஓரத்துக்குத் தூக்குக்குண்டு. அப்பா வீடியோவில் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது வரியில் இடது மூலை ஒரு நூல் தூக்கலாக இருந்ததை ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கண்டுபிடித்துப் பிரிக்க வைத்தார்.

மேல்தகடு 3 மி.மீ. இரும்பு. வெல்டிங் பட்டறையில் சொல்லி வெட்டி, கீழ்விளிம்பை உள்பக்கமாக மடித்து வாங்கினேன், 650 ராண்ட். மடிப்பு இல்லாவிட்டால் சூட்டில் தகடு நெளியும். ஆணித் துளைகளை வட்டமாகப் போடாமல் நீள்வட்டமாகப் போடச் சொன்னேன், தகடு விரிந்து சுருங்க இடம் வேண்டும். பழைய கல்லைத் துளைக்காமல் சாந்து இணைப்புகளில் மட்டும் ஆங்கர் போல்ட் போட்டேன். சூடு தாங்கும் கறுப்பு பெயின்ட் இரண்டு கை.

தீச்சாந்து காயும் வரை பொறுமை வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் சும்மா விட்டேன். பிறகு முதல் நாள் சுள்ளி மட்டும், அடுத்த நாள் கொஞ்சம் கூட, இப்படிப் படிப்படியாக ஏற்றினேன். அப்படியும் பின்சுவரில் மயிரிழை விரிசல் ஒன்று வந்தது. தாத்தா விரலால் தடவிப் பார்த்து, வளராத விரிசலை விட்டுவிடு என்றார். வளரவில்லை.

இப்போது அழகு வேலை. முகப்புச் செங்கல்லின் மேல் பல அடுக்குப் பெயின்ட்: வெள்ளை, பச்சை, அடியில் ஒரு பழுப்பு. இவ்வளவு பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது, ஹீட் கன்னும் கூடாது. ஜெல் வடிவப் பெயின்ட் ரிமூவரைத் தடிமனாகப் பூசி, சமையலறை பிளாஸ்டிக் ஃபிலிமால் மூடி, ஓர் இரவு விட்டு, மரச் சட்டுவத்தால் வழித்தெடுத்தேன். கூழாகச் சுருண்டு வரும். கூழைத் தனி டப்பாவில் சேர்த்து நகராட்சியின் அபாயக் கழிவு வழியில் கொடுத்தேன். கம்பி பிரஷ் வேண்டாம், நைலான் பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். துவாரங்களில் கொஞ்சம் வெள்ளை மிச்சம் இருக்கிறது. அதை எடுக்கப் போனால் கல் போய்விடும் என்பதால் விட்டுவிட்டேன், எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. ரிமூவர் மட்டும் 1,040 ராண்ட். இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் பிடித்தது, சொல்ல அதிகம் இல்லை.

விறகு. இங்கே மலிவாகக் கிடைப்பது கறுப்பு வாட்டில் (black wattle) மரம். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் புல்வெளிகளை விழுங்கிய அதே ஆஸ்திரேலிய மரம். தோல் பதனிடும் பட்டைக்காக இந்த மாகாணத்தில் பெருமளவில் நட்டார்கள், இப்போது ஆற்றோரமெல்லாம் தானாகப் பரவித் தொல்லையாகிவிட்டது. எரித்துத் தீர்ப்பதில் மனச்சங்கடம் இல்லை. கமீல்டோரிங் என்று ஒரு கடின விறகும் விற்கிறார்கள். தணல் நெடுநேரம் நிற்கும், ஆனால் அது பாதுகாக்கப்பட்ட மரம், வளரவும் காலமாகும். நான் வாங்குவதில்லை. எந்த விறகானாலும் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பச்சை விறகு புகையைக் கூட்டும், குழலுக்குள் தார் படியவைக்கும், அந்தத் தார் ஒருநாள் தீப்பிடிக்கும். ஊரிலுள்ள மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று நடக்கும் தீமிதிக்குக் குழி வளர்க்கும் வேலையில் தாத்தா பல வருடம் நின்றவர். அவர் மீட்டரெல்லாம் வைத்துப் பார்ப்பதில்லை. இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுவார். கணீரென்று கேட்டால் காய்ந்தது, தொப்பென்று கேட்டால் அடுத்த வருடத்துக்கு. அவர் ஒதுக்கிய துண்டுகளை என் ஈரமானியில் குத்திப் பார்த்தேன், எல்லாமே 25க்கு மேல்.

மூட்டும் முறையும் இந்த ஊருக்கென்று கொஞ்சம் மாறுகிறது. முன்பு சொன்ன அந்தத் தேங்கிய குளிர் காற்று மாலையில் குழலுக்குள்ளும் நிறைந்து நிற்கும். அப்படியே விறகைக் கொளுத்தினால் முதல் புகை அறைக்குள்தான் வரும். செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திக் குழலின் அடிவாயில் ஒரு நிமிடம் பிடித்தால் அந்தக் காற்று சூடாகி மேலே நகர ஆரம்பிக்கும், காதில் லேசாக இரைச்சல் கேட்கும். அப்புறம் சுள்ளியைப் பற்றவைக்கலாம். வெளியே புகை கூரை மட்டத்தில் தொங்கும் நாட்களில் நாங்கள் மூட்டுவதே இல்லை. நம் புகையைப் பக்கத்து வீட்டுக்காரர் ஏன் சுவாசிக்க வேண்டும்? அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் வைத்திருக்கிறோம், 600 ராண்ட்.

செலவு மொத்தம்: மேலே சொன்னவற்றோடு வார்ப்பிரும்பு விறகுத் தட்டு 900, சுண்ணாம்பும் மணலும் 200, வெர்மிகுலைட், மாஸ்க், வெட்டும் தட்டு, பிரஷ் போன்ற சில்லறை 700. ஆக 11,700 ராண்டுக்குப் பக்கம். அதில் தொப்பிக்குக் கொடுத்தது தண்டம். பறவை நுழையாமல் இருக்க ஒரு வலைத்தொப்பி பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்திருக்கும்.

அடுத்த முறை செய்தால் வரிசையை மாற்றுவேன். பலகை போனவுடன் டேப்பை எடுத்து வாயையும் குழலையும் அளப்பேன், பிறகு தகடு சோதனை, அதற்குப் பிறகுதான் கடைக்குப் போவது. பின்சுவரின் மேல்பாதியைச் சற்று முன்பக்கம் சாய்த்துக் கட்டுவேன், இப்போது நேராக நிற்பதால் சூட்டில் ஒரு பகுதி அறைக்கு வராமல் மேலே போய்விடுகிறது. திறந்த கணப்பில் எப்படியும் பாதிக்கு மேல் வீண்தான், சிக்கனம் வேண்டுமென்றால் மூடிய இரும்பு அடுப்பு வாங்க வேண்டும். மின்வெட்டு வந்தால் ஹீட்டரை நம்ப முடியாது என்பதால் எங்களுக்கு இது போதுமானதாக இருக்கிறது. தகட்டின் மடிப்பை 30 மி.மீ.க்குப் பதில் 50 ஆகக் கேட்பேன்.

படுக்கையறைக் கணப்பு பாக்கி. அதன் வார்ப்பிரும்புக் கூடு அப்படியே இருக்கிறது, வாய் 450 × 600, குழல் அதே 225. பரப்பு 2,700 சதுர செ.மீ., குழல் அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. கணக்குப்படி அதற்குச் சுத்தம் செய்வதும், உடைந்த விறகுத் தட்டை மாற்றுவதும் மட்டும்தான் வேலை. பிரஷ்ஷை மறுபடி வாடகைக்கு எடுக்காமல் இந்தத் தடவை சொந்தமாகவே வாங்கிவிட்டேன்.